கழுத்துத் திருகல்

புழல். இரண்டாம் பிளாக் மாடிக் கம்பி.
காலை எண்ணிக்கைக்கு விசில் ஊதும் முன்பே
என் எண்ணிக்கை முடிந்துவிடும்.
புறா நாற்பத்தொன்று.
நேற்று நாற்பத்துமூன்று.

நான் படித்தது ஒன்பதாவது, அதிலும் பாதி.
மூலக்கொத்தளத்தில் வெல்டிங் பட்டறை.
பறவை என்றால் அன்றெல்லாம் எனக்கு
சனிக்கிழமை ராத்திரி எண்ணெயில் பொரியும் காடை.

முதல் புறா சுவரோரம் சுற்றிச் சுற்றி வந்தது.
தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது,
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல.
"கிறுக்குப் புடிச்சிருக்குண்ணே" என்றான் தேசிங்கு.
தட்டு கழுவும் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து
மோரில் சோற்றைக் கரைத்து
பேனா மூடியால் ஊட்டினேன்.
ஆறு நாள் விழுங்கியது.
ஏழாம் நாள் என் சட்டைப் பைக்குள்ளேயே
விறைத்துப்போனது.

நூலகத்தில் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்று,
அட்டை கிடையாது, நாற்பதாம் பக்கம்வரை கரையான்.
மிச்சத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
வெள்ளைக் கழிச்சல், அம்மை, இரத்தக் கழிச்சல்,
தொண்டைக்குள் ஆடை கட்டும் மஞ்சள்.
யாரும் என்னைப் பார்க்க வராத மாதங்களில்
அடுத்தவன் மனுச் சீட்டை வாங்கி
அதன் முதுகில் எச்சத்தின் நிறம் எழுதினேன்.

புத்தகத்தில் இல்லாதது ஒன்று எனக்குத் தெரியும்.
எச்சம் முதலில் வெறும் தண்ணீராகும்,
அதற்குப் பிறகுதான் கழுத்து போகும்.
பதினோரு புறாவில் ஒன்பது அப்படி.
இரண்டைப் பூனை முந்திக்கொண்டது.

நோயின் பெயர் தெரியாமல்
கழுத்துத் திருகல் என்று எழுதப் போனேன்.
பாதியில் கை நின்றது.
என் தீர்ப்பின் பதினாலாம் பக்கத்திலும்
அந்தச் சொல் இருக்கிறது.
அங்கே பறவை இல்லை.

வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்குக் கடிதம் போட்டேன்.
நாலு மாதம் கழித்து ஒரு வரி வந்தது:
இறந்த பறவையை ஐஸில் வைத்து அனுப்பவும்.

ஐஸுக்கு நான் எங்கே போவேன்.
உயிரோடிருந்தால் அது பாட்டுக்குச் சுவர் தாண்டி
ஏரிப் பக்கம் போய்விட்டு வரும்,
எவனும் கேட்கமாட்டான்.
செத்த புறா வெளியே போக மூன்று கையெழுத்து.
கேட் ரெஜிஸ்டரில் மரியதாஸ் ஐயா
பெயர்க் கட்டத்தில் பேனாவை வைத்தபடி
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு என் எண்ணை எழுதினார்.

பதில் இன்னும் வரவில்லை.
இன்று முப்பத்தெட்டு.
கம்பியின் கடைசியில் இருக்கும் சாம்பல் நிறத்துக்குத்
தண்ணீராகப் போகிறது.
மத்தியான மோரைக் குடிக்காமல் வைத்திருக்கிறேன்.