பத்து இறாத்தல் காற்று

சங்குப்பிட்டிப் பாலத்திலை ஏறேக்கை மட்டும்
இழுக்குதில்லையாம்.
மற்றும்படி ஒரு குறையும் இல்லை எண்டா சுகிர்தா.
எப்பிடித் தெரியும்?
எங்கட பக்கம் முழுக்க மட்டத்தரை.
ஏத்தம் எண்டால் பாலம்,
பாலம் எண்டால் அந்த ஒண்டு.

குட்டிச் சுசுகி எவரி.
ஒரு போத்தலும் நிறையாத இஞ்சின்.
அதுக்கு மூச்சைத் தள்ளிக் குடுக்கிறது
தேசிக்காய்ப் பருமன் சில்லு ஒண்டு.
சுன்னாகத்திலை ஒருத்தர்
ரேர்போ முடிஞ்சுது, எண்பதாயிரம் எண்டிருக்கிறார்.
கோண்டாவிலிலை பிளக் மாத்தினவை.
மூண்டாவது ஆள்
எச்சரிக்கை லைற்றை அழிச்சுவிட்டு
இப்ப சரி எண்டு அனுப்பினவராம்.
நான் சிரிச்சன். சுகிர்தா சிரிக்கேல்லை.

சில்லைத் தொட்டு ஆட்டிப் பாத்தன். ஆட்டமில்லை.
அது தள்ளுற காத்தைத் தள்ளுது.
காத்துத்தான் போய்ச்சேரேல்லை,
கொழும்புக்கு டிக்கெட் எடுத்துப்போட்டு
வவுனியாவிலை இறங்கிற ஆள் மாதிரி.

என்னட்டை இருக்கிற கருவி
எஸ்லோன் பைப்பின்ர மூடி,
அதிலை துளை போட்டு இறுக்கின சைக்கிள் ரியூப் வால்வு.
ரேர்போவின்ர வாயிலை செருகிக் கிளிப்பை முறுக்கிக்
கொம்பிரசரைத் திறந்தன்.
பத்து இறாத்தல்.
பாணுக்கும் காத்துக்கும் எங்களிட்டை ஒரே நிறுவைதான்.

முள் பத்துக்கு ஏறிச்சுது.
ஒன்பது. ஏழு.
நாலு.

இனிக் காதாலை தேடவேணும்.
கொம்பிரசரை நிப்பாட்டினன்.
முன்வீட்டுக்காரன்ர கிறைண்டரை நிப்பாட்டச் சொன்னன்,
புறுபுறுத்துக்கொண்டு நிப்பாட்டினான்.
பாண்காரன்ர ஓட்டோ
பாட்டோடை வந்து பாட்டோடை போகுமட்டும் பொறுத்தன்.
பிறகும் கேக்கேல்லை.
வானுக்குள்ளை முந்நூறு கோழிக்குஞ்சு.

பூநகரிக்குப் போறதுகள், பிறந்து ஒருநாள்.
மூண்டு பெட்டி, சுத்திவரத் துளை.
துளை இல்லாட்டிச் செத்துப்போங்கள் எண்டா.
சரிதான்.
ஒரே வண்டியிலை குஞ்சு ஓட்டையாலை உயிர் வாழுது,
இஞ்சின் ஓட்டையாலை மூச்சுமுட்டுது.
இதை அவவுக்குச் சொல்லேல்லை.
கூலி வாங்கிற ஆள் கதையும் சொல்லப்படாது.

சவர்க்காரத் தண்ணி அடிச்சன்,
மேலாலை, பக்கத்தாலை, இன்ரகூலர் மூலையிலை.
குமிழ் இல்லை.
அடிப்பக்கம் கண்ணுக்கு எட்டாது.

நான் கேக்காமலே சுகிர்தா
பின்சீற்றிலை கிடந்த போர்வையை எடுத்துப்
பெட்டிகளுக்கு மேலாலை விரிச்சா.
இருட்டினால் இரவெண்டு நினைக்குங்கள்.
கீச்சு மெல்லமெல்லக் குறைஞ்சு,
கடைசி ஒண்டு மட்டும் கொஞ்சநேரம் நியாயம் கேட்டு
அடங்கிச்சுது.

ஸ்ஸ்.

ஏச்சு வாங்கின பிள்ளை
பல்லிடுக்காலை விடுற மூச்சு.

கையை வளைச்சு உள்ளுக்கு விட்டன்.
ஹோஸின்ர அடி வளைவிலை
விரல்நுனிக்குக் குளிர்ந்துது.
எண்ணெய்ப் புகை குடிச்சுக் குடிச்சு இளகின றப்பர்,
நகக்கீறல் அளவு வெடிப்பு.
சும்மா நிக்கேக்கை வாயை மூடிக்கொண்டிருக்கும்.
பாரம் வந்தால்தான் திறக்கும்.
மூண்டு பேர் பாத்தவைதான்.
ஆரும் அமத்திப் பாக்கேல்லை.

ஸ்ரான்லி வீதிக்கு ஆள் அனுப்பிப் புது ஹோஸ்,
ரெண்டு கிளிப், மூவாயிரத்து எழுநூறு.
மிச்சக்காசு வெள்ளிக்கிழமை தாறன் எண்டா.
திரும்பவும் பத்து இறாத்தல்.
முள் நிண்டுது.
அது நிக்கிறதையே பாத்துக்கொண்டு
நாங்கள் ரெண்டுபேரும் நிண்டம்.
குஞ்சுகள் நித்திரை.

பாலம் தாண்டினவுடனை ஃபோன் அடியுங்கோ.
இழுத்தால் ஒருக்கா அடிச்சுக் கட் பண்ணுங்கோ,
இழுக்காட்டி ரெண்டுதரம்.

மூண்டரைக்கு அடிச்சுது.
ஒருக்கா.
நிண்டுது.
கிறைண்டரைத் தூக்கினவனைக் கைகாட்டி மறிச்சபடி,
கிரீஸ் விரலாலை ஃபோனைத் தொடாமல்,
காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறன்
ரெண்டாவதுக்கு.