விழுப்புரம் என்றால் எஞ்சின்

வண்டி எங்கே என்றேன்.
ஞானாதிக்கம் மாடிப்படிக்கு அடியில் கைகாட்டினார்.
ஒன்பது கோணிப்பை, இரண்டு பிஸ்கட் டின்,
சுவரில் சாய்ந்து ஃபிரேம் மட்டும்
கீற்று பிரித்த பந்தல்கால் மாதிரி.

எழுபத்தெட்டாம் வருஷத்து யெஸ்டி.
“ஒரு நட்டுகூடத் தொலையல.”
விற்கிற எல்லோரும் சொல்வதுதான்.
போன வருஷம் வாங்கிய ராஜ்தூத்தில்
கார்புரேட்டரே இல்லை.
அந்த ஆளும் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்திருந்தார்.

ஏன் பிரிச்சீங்க?
“ஒரு சத்தம்.
மூணாவது கியர்ல, கிருமாம்பாக்கம் தாண்டினா வரும்.
தேடிக்கிட்டே போனேன்.”
பதினாலு வருஷம் போயிருக்கிறார்.

மூட்டைக்கு மூவாயிரம், டின் இனாம்.
குட்டியானை முதலியார்பேட்டையை விட்டுக் கிளம்புமுன்பே
அவர் மனைவி படிக்கட்டின் அடியில்
இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள்.
புதுச்சேரியிலிருந்து கோணிப்பை வந்தால்
உள்ளே என்ன இருக்கும் என்று
கடலூர் போலீசுக்குத் தெரியும்.
கைவிட்டுத் துழாவிய கான்ஸ்டபிளுக்கு
முழங்கைவரை கிரீஸ்.
“என்னம்மா இது?”
“வண்டி சார்.”
“எதும்மா வண்டி?”
ஆர்.சி. புத்தகத்தை நீட்டினேன்.
சேசிஸ் நம்பர் ஃபிரேமில்,
எஞ்சின் நம்பர் மூன்றாவது மூட்டையின் அடியில்.
பின்னால் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க
அவரே தோண்டி எடுத்து, டார்ச் அடித்து
ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார்.
ஒத்துப்போனது. ஏனோ
இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

எனக்கு ரத்த வங்கியில் வேலை.
லேபிள் இல்லாததைத் தொடாத கை.
ஞானாதிக்கம் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தார்,
அழகான கையெழுத்தில், ஊர்ப் பெயர்களை:
மயிலம். பண்ருட்டி. பரங்கிப்பேட்டை. சின்னசேலம்.

ஃபோன் செய்தேன்.
ரயில் தபாலில் முப்பத்தோரு வருஷம்
கடிதம் பிரித்தவராம்.
“முன்சக்கரம் செங்கல்பட்டு, பின்சக்கரம் மாயவரம்.
விழுப்புரம்னா எஞ்சின்.
எல்லா லைனும் அங்கதானே சேருது?”
பண்ருட்டி?
“செயின்.”
சின்னசேலம்?
நெடுநேரம் சத்தமில்லை.
“அது, தங்கச்சி கல்யாணத்தப்ப பிரிச்சது...
ஞாபகம் இல்லம்மா.”

கார்த்திகையில் மஞ்சக்குப்பம் தெருவுக்குள் மழைத்தண்ணி.
விழுப்புரம் கட்டிலில் படுத்தது,
மாயவரம் பீரோமேல்.
நான் நாற்காலியில் கால்மடக்கி
கிராங்க் முனையில் செருகும் அரைநிலா கீயைத் தேடினேன்.
சுண்டுவிரல் நகமளவு இரும்பு.
அது இல்லாமல் இரண்டு மாசம் எதுவும் நகரவில்லை.
கடைசியில் இருந்தது,
சின்னசேலத்தில், காய்ந்த கிரீஸ் கட்டிக்குள்,
பல்லியின் முட்டைபோல் பத்திரமாக.

மாசியில் ஒரு ஞாயிறு.
யெஸ்டிக்குக் கிக்கரும் கியரும் ஒரே கம்பி;
மறந்து மறந்து முழங்காலில் வாங்கினேன்.
பதினேழாவது உதைக்குப் பிடித்தது.
எதிர்வீட்டு வேட்டி, போர்வை எல்லாம்
புகைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தன.

பெண்ணையாற்றுப் பாலம்,
முள்ளோடை, கன்னியக்கோவில்.
மூன்றாவது கியர்.
கிருமாம்பாக்கத்தை இந்தப் பக்கத்திலிருந்து தாண்டினாலும்
வந்தது.

ஓரங்கட்டி, அணைக்காமல்,
ஃபோனை எஞ்சினருகே பிடித்தேன்.
“அதேதான்” என்றார் ஞானாதிக்கம்,
கூட்டத்தில் ஒரு முகத்தை அடையாளம் கண்டவர்போல.
கொஞ்சம் இருமிவிட்டு,
“விழுப்புரத்த ஒரு தடவ திறந்து பாருங்களேன்.”
காத்துல கேக்கல சார் என்று வைத்துவிட்டேன்.

திரும்பும்போது ஆல்பேட்டையில் அதே கான்ஸ்டபிள்.
என்னை நினைவில்லை. டூல்பாக்ஸைத் திறக்கச் சொன்னார்.
பாட்டில் இல்லை. ஒரு பொட்டலம்,
அதில் எங்கும் பொருந்தாத மூன்று நட்டு, ஒரு ஸ்பிரிங்,
மேலே என் கையெழுத்து.
“இதென்ன, கடலூர் துறைமுகம்னு?”
“மிச்சம் சார்.”