கோரம்

விதி ஒன்பது: ஐந்து பேர் இல்லாமல் கூட்டம் இல்லை.
நாற்பத்தாறில் அதை எழுதியவர்களுக்கு
ஐந்து சின்ன எண்.
அன்று நாற்காலி போதாமல் நின்றுகொண்டே பேசினோம்.

இன்று நால்வர்.
ருங்கசாமி, கிஸ்டன்,
காது போன அப்பாவு,
பேரேட்டோடு நான்.
நாற்காலி அறுபது இருக்கிறது.
கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம்,
முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு
வருமானம் அது ஒன்றுதான்.

கிளேர்வுட்டில் இப்போது வீடுகளைவிட லாரிகள் அதிகம்.
டர்பன் துறைமுகத்துக்கு கண்டெய்னர் போகும்போதெல்லாம்
ஜன்னல் நடுங்கும்,
கோப்பை தட்டில் நகரும்.
"மூணுலயே இழுக்கறான் பாவி" என்பான் கிஸ்டன்.
"கிளட்ச் கருகுது" என்பான் ருங்கசாமி, மூக்கைச் சுருக்கி.
அப்பாவு செருப்பைக் கழற்றி
உள்ளங்காலால் தரையைக் கேட்பான்.
"காலி வண்டி."
அவன் சொன்னால் காலி வண்டிதான்.

எங்களுக்குத் துப்பாக்கி தரவில்லை.
ஸ்டியரிங் தந்தார்கள்.
எங்கள் தோலை நம்பாதவர்கள்
தங்கள் தண்ணீரையும் குண்டையும்
எங்களை நம்பி ஏற்றினார்கள்.
தொப்ரூக் விழுந்த அன்று
ஆயுதத்தைக் கீழே போடு, கையைத் தூக்கு என்றான் ஜெர்மன்காரன்.
போட எதுவும் இல்லை.
பக்கிரி மட்டும் வண்டி கிளப்பும் கிராங்குக் கம்பியை
மெதுவாக மணலில் வைத்தான்,
அரசாங்கச் சொத்து என்று.

அவன்தான் ஐந்தாவது ஆள்.
ஜூனில் எடுத்தோம்.

"கோரம் இல்லை" என்று எழுதினேன்.
ஆங்கிலச் சொல்தான். தமிழில் அதற்கு
வேறு பொருள் இருக்கிறது.
நாலு பேரும் டீயை ஊதினோம்.

அப்போது தையல்நாயகி வந்தாள்,
பக்கிரியின் சம்சாரம்,
கைக்குட்டையில் முடிந்த காசோடு.
"அவரு வச்ச சந்தா பாக்கி. ரெண்டு வருஷம்."
செத்தவரிடம் வாங்க விதி இல்லை என்றேன்.
வாங்கக் கூடாதுன்னு இருக்கா என்றாள்.
புரட்டினேன். இல்லை.

"கூட்டம் நடக்கலியா?"
"கோரம் இல்லக்கா" என்றான் கிஸ்டன்.

"கோரம் இல்லியா?
நாப்பத்தஞ்சு வருஷம், ராத்திரி ரெண்டு மணிக்கு,
இல்லாத பிரேக்கை மிதிப்பாரு படுக்கையில.
இதோ பாருங்க." புடவையை விரலளவு உயர்த்தினாள்.
கணுக்காலில் பழைய கன்றல், புளியங்கொட்டை நிறத்தில்.
"முன்னால எடு, முன்னால எடு, பையன் கெடக்கான்னு கத்துவாரு.
காலையில கேட்டா சிரிப்பாரு.
யாரு அந்தப் பையன்?
சந்தா சும்மா சாக்கு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

எங்கள் பேரேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது:
சின்னராஜு. மரணக் காரணம், எதிரியின் குண்டு.
அவன் அம்மா படிக்க எழுதியது.
எழுதியது நான்.
ஐம்பது வருஷத்தில் எங்களை நம்பி யாரும் தராமல்
நாங்களே வைத்துக்கொண்ட
ஒரே ராணுவ ரகசியம்.

அப்பாவுக்கு அவள் பேசியது கேட்டிருக்காது.
கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன்தான் சொன்னான், காது போனவர்களின் உரத்த குரலில்:
"வெயிலுக்கு வண்டிக்கு அடியில படுத்திருந்தான், அம்மா.
பக்கிரிக்குத் தெரியாது.
ரிவர்ஸ் எடுக்கச் சொன்னது நான்."

இது எனக்கும் தெரியாது.

வயசு என்ன என்றாள்.
பத்தொன்பது.

நாற்காலி ஒன்றை அவளே பிரித்து
அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.
ஒரு லாரி போனது.
யாரும் கியர் சொல்லவில்லை.

"கோரம் இல்லை"யை அடித்தேன்.
வந்திருந்தோர்: ஐவர்.
தீர்மானம் ஒன்று: நவம்பரில் பெயர்கள் படிக்கையில்
பக்கிரிக்கு அடுத்து சின்னராஜுவைப் படிப்பது.
முன்மொழிந்தவர் தையல்நாயகி.
வழிமொழிய ஒருவர் போதும்.
நாலு பேரும் கையைத் தூக்கினோம்,
ரெண்டு கையையும்.
இறக்கலாம் என்று அவள்தான்
சொல்ல வேண்டியிருந்தது.