நீல மசி

கூத்தாநல்லூர் ஆட்டுத்தொட்டிக்கு
நாலரைக்கெல்லாம் வந்துவிடுவேன்.
டார்ச், கையுறை, மசித்திட்டு,
வட்ட முத்திரை ஒன்று.
பதினோரு வருடமாகக்
கிடாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து
வெளுப்பா சிவப்பா என்று எழுதுகிற வேலை.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்த ஒன்பதாம் நாள்
கம்பெனி வண்டியிலிருந்து ஏழு இறங்கின.
கறுப்பு. வலது முன்னங்காலில் வெள்ளை.
ஏழுக்கும்.
இடது காது நுனி கொஞ்சம் மடிந்து,
ஏழுக்கும்.
முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது,
சீருடை போட்டுப் பள்ளிக்கூட வேனிலிருந்து
இறங்கினதுபோல் இருக்கிறதே என்று.

ஓட்டுநர் ஒரு தாளை நீட்டினான்.
"எல்லாம் ஒரே கிடாவோட நகல், மேடம்.
அது செத்து மூணு வருசம் ஆச்சு.
கறி என்னமோ கறிதான்."
லேபிள் ஒட்டத் தேவையில்லை என்று
அதே தாளில் சின்ன எழுத்தில் இருந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
நிறம், வயது, எடை, கொண்டுவந்தவர்.
தாய் என்று ஒரு கட்டம் கிடையாது.
"எத்தனை பெட்டை சுமந்துச்சு?"
"நாப்பதோ என்னமோ."
"ஈன்றது?"
"இந்த ஏழு. பண்ணையில இன்னும் நாலு."
"மிச்சம்?"
அவன் வண்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

ஒரத்தநாட்டில் படிக்கையில்
குட்டி பெருத்து வெளிவராத பெட்டை ஒன்றுக்கு
முழங்கைவரை கைவிட்டிருக்கிறேன்.
விடியும்வரை முக்கியது.
அதன் சூடு கையுறைக்குள் வந்தது.
அது ஒன்று.
இருபத்தொன்பது என்றால்
எத்தனை இரவு என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு சம்பாவுக்கு
எல்லோரும் ஒரே ரகம் நட்டோம்.
ஒரே உயரம், ஒரே பச்சை,
பாய் விரித்த மாதிரி.
புகையான் வந்தது. வட்டம் வட்டமாய்க் கருகி
ஆறாம் நாள் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டன.
நடுவில் நின்றது அற்புதராசின் அரை மா மட்டும்.
அறிவாளித்தனம் ஒன்றுமில்லை,
கடனுக்கு விதை கிடைக்காமல்
குதிரில் கிடந்ததைத் தெளித்திருந்தார்.
இதை எழுதவும் கட்டம் இல்லை.

ஜபருல்லா கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்:
"டாக்டரம்மா, இதுக்கெல்லாம் உசுரு ஒண்ணா, ஏழா?"
கேலிதான். ஆனாலும்
படித்த பாடம் எதுவும் கைகொடுக்கவில்லை.
"நீங்க எத்தனை பிஸ்மில்லா சொல்வீங்க?"
"ஏழு சொல்லித்தானே ஆவணும்."
கத்தியைத் துடைத்தார்.
"அப்ப ஏழுதான்."

முதலாவது சத்தமே போடவில்லை.
இரண்டாவது பின்னங்காலை ஊன்றி இழுத்தது.
நாலாவது
கட்டியிருந்த கயிற்றைத் தின்னப் பார்த்தது.
ஏழாவது
ரத்தம் போகிற வாய்க்காலைத் தாண்டாமல்
குனிந்து முகர்ந்துகொண்டே நின்றது.
டார்ச்சை இறக்கினேன்.
அதன் காலில் வெள்ளை
ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.
நகலெடுத்தவர்களுக்கும் அடங்காத
ஒரு விரற்கடை.

ஈரல் பார்த்தேன். நுரையீரல், நாக்கு,
நிணநீர்க் கட்டிகளைக் கீறிப் பார்த்தேன்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
என்னிடம் இருப்பதோ ஒரே முத்திரை,
உண்ணத் தகுந்தது என்பதைத் தவிர
அதற்கு வேறு பேச்சு தெரியாது.
குத்தினேன்.
யாரும் கையைப் பிடித்துக் குத்த வைக்கவில்லை.

பிறகு, பதிவேட்டின் ஓரத்தில்,
பேனாவால்,
தாய் நாற்பது, பிழைத்தவை தெரியவில்லை
என்று எழுதி
கையெழுத்தும் போட்டேன்.
அடுத்த வாரம் பார்த்தபோது
அந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது.

அன்றைக்கு ஏழு மணிக்கு, கடையில்,
முதலில் வந்தவர் தொடையைக் காட்டி
"பாய், எந்த ஊரு ஆடு?" என்றார்.
ஜபருல்லா வாயைத் திறந்தார்,
மூடினார்,
என் முத்திரைமேல் விரலை வைத்தார்.
மசி ஒட்டிக்கொண்டு வந்தது.