கொசு

பாடாங் செராய்க்கு வெளியே செம்பனை ஆலை.
கொதிகலன் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றாயிற்று.

வருஷத்துக்கு ஒருமுறை வேன் வரும்.
அதற்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நான்,
காதில் தடித்த மூடி, கையில் பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.
கேட்காதபோதும் அழுத்திப் பார்த்தேன்.
வேனில் இருந்த பெண் தலை நிமிரவில்லை.
தாளில் ஒரு கோடு
ஆயிரம், இரண்டாயிரம் வரை நேராக நடந்து
நாலாயிரத்தில் கால் தவறிப்
பள்ளத்தில் விழுந்திருந்தது.

அந்த வாரம்தான்
நல்ல ஸ்பீக்கர் வாங்கும் ஆசை வந்தது எனக்கு.

போனஸ் எண்ணூறு வெள்ளி.
பழைய ஆம்ப்ளிஃபையருக்கு முந்நூற்றைம்பது,
மிச்சத்தில் ஸ்பீக்கர்,
அதிலும் மிஞ்சினால் கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே
அந்தத் தீப்பெட்டி அளவு கருவி.
எட்டு ஓமா ஆறு ஓமா,
அறைக்கு எத்தனை வாட்,
சுவரிலிருந்து எத்தனை அடி:
நீராவி அழுத்தம் எழுதும் தாளின் பின்பக்கம்
என் கையெழுத்தால் நிறைந்தது.

ஆ லியோங் கடையில் இரண்டு ஜோடி வைத்திருந்தான்.
"அண்ணே, ஒன் வூட்டுக்கு இருவது வாட்டு போதும்.
மேல போனா பக்கத்து வூட்டுக்காரிதான் கேப்பா."
மாற்றி மாற்றிப் போட்டான்.
எனக்கு இரண்டும் ஒன்று.
தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

புஷ்பலீலா தடிகாவில் வேலை செய்கிறாள்.
முப்பது பிள்ளைகள் ஒன்றாக அழுதாலும்
எது பொய்யழுகை என்று
முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள்.
"இது பல்லு கூசுது," என்றாள் ஒன்றை.
மற்றதைத் தொட்டு, "இது."
அதையே நானும் நினைத்தவன்போல்
பணத்தை எண்ணினேன்.

இரவு ஒன்பதரை.
மகள் பாலிடெக்னிக் போகும்போது விட்டுப்போன லேப்டாப்.
ஒயரைச் சீவினேன், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
தவில் வந்து நெஞ்செலும்பில் உட்கார்ந்தது.
இத்தனை நாள் அது எங்கே இருந்தது?

"கொசு இருக்கு," என்றாள்.

ஒரு கணம் எனக்கு மூச்சு நின்றது.
என் காதுக்குள் ஒன்று
ஐந்தாறு வருஷமாகக் குடியிருக்கிறது.
தலையணையில் சாய்ந்ததும் ஆரம்பிக்கும்.
யாரிடமும் சொன்னதில்லை.
அவளுக்குக் கேட்டுவிட்டதா?

மின்சார மட்டையை எடுத்துக்கொண்டு
திரைச்சீலை, அலமாரிக்குப் பின்னால், மேசைக்கடியில்
வெறுங்காற்றை அடித்துக்கொண்டு திரிந்தேன்.
"அங்க இல்ல. பாட்டுக்குள்ள."

ஒயரை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன்.
ஃபிரிட்ஜை அணைத்தேன், மீன் உருக ஆரம்பித்தது.
"இருக்கு, இருக்கு," என்றாள்.
கடைசியில் அவளே எழுந்து போய்
லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.
"போச்சு!"
அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த மாற்றம் அது ஒன்றுதான்.

பழைய பேட்டரி.
நாற்பத்தேழு நிமிஷம் தாங்கும்.
அறுபது வெள்ளிக்கு ஒரு சாமான் இருக்கிறதாம்,
மாட்டினால் சார்ஜர் போட்டபடியே கேட்கலாமாம்.
ஆ லியோங் இரண்டு தடவை சொல்லிவிட்டான்.
அடுத்த மாசம் பார்க்கலாம் என்றேன்,
இரண்டு தடவையும்.

ஏனென்றால் அந்த நாற்பத்தேழு நிமிஷம்
அவள் எதிர் நாற்காலிக்குப் போவதில்லை.
என் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து
சொல்லிக்கொண்டே வருவாள்:
இப்ப மூச்சு இழுக்குறா.
இப்ப வளையல் வீணையில இடிச்சிருச்சு.
யாரோ பின்னாடி தாள் திருப்புறாங்க.
இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறாளோ என்னவோ,
எனக்கு அதுவும் வேண்டும்.

நேற்று பாதி வரியில் திரை கறுத்தது.
காக் ரொஹாயா வீட்டுக் குழாய் மூடும் சத்தம்,
அதன் பிறகு
என்னுடையது மெல்லச் சிறகு விரித்தது.

"இப்ப ஒண்ணுமே இல்ல," என்றாள் லீலா,
கண்ணை மூடியபடி.

ஆமாம் என்றேன்.