கூரை போட்ட ஒன்று

மாநில சட்டமன்றத் தேர்தல்.
ஐம்பத்தாறு, மார்ச், ஒரு சனிக்கிழமை.
குண்டரிங்கா ரயில் நிறுத்தத்தில்
மொத்தம் எண்பத்து மூன்று ஓட்டு.
பள்ளிக்கூடம்தான் சாவடி. நான்தான் வாத்தியார்,
அன்றைக்கு மட்டும் அதிகாரி.

பிள்ளைகளின் மேசைகளை ஒட்டிப் போட்டுப்
பெட்டியைக் கவிழ்த்தோம்.
வெளியே கோதுமைத் தாள் எரித்த வாடை.
காஸ் விளக்கில் மோதிய பூச்சிகள்
வேட்பாளர் பெயர்கள்மேல் விழுந்து செத்தன,
கட்சி பார்க்காமல்.

ஆளுங்கட்சி முகவர் எர்ன்ஸ்ட் ஃபிட்ஸ்னர்:
இரண்டாயிரம் ஏக்கர், இடது கையில் மூன்று விரல்.
எதிர்க்கட்சிக்கு ரயில்வே ட்ரெவார்தா:
தூங்கி வழிந்தான்.
தோற்பது தெரிந்தவன்
கண்விழித்து என்ன ஆகப்போகிறது.

அறுபத்தைந்தாவது சீட்டோ அறுபத்தாறோ.
ஃபிட்ஸ்னர் விரல் வைத்தார்:
"இது ஏழு. மூன்று பேர் நிற்கும் தேர்தலில்
ஏழு ஏது? செல்லாது."

விளக்கருகே கொண்டுபோனேன்.
கீழிருந்து சாய்வாக ஏறி
உச்சியில் மூச்சு வாங்கி
நேரே இறங்கிய கோடு.
ஒன்றுதான். எனக்குத் தெரியும்.
கூடவே, தெரியக்கூடாத ஒன்றும் தெரிந்தது.

இரண்டு வருஷமாக
இதே கோட்டைச் சிவப்பு மையால் வெட்டியவன் நான்.
இமாண்ட்ஸ் ஓஸோலின்ஷ், ஒன்பது வயது.
அவன் பதினொன்று என்று எழுதுவான்,
நான் எழுபத்தேழு என்று உரக்கப் படிப்பேன்,
வகுப்பு சிரிக்கும்.
"அம்மா இப்படித்தான் எழுதுவாங்க" என்றான் ஒருமுறை.
"இது உன் வீடு இல்லை" என்றேன்.

அம்மா வெல்டா. தண்டவாளக் கூலிகளின் முகாமில் சமையல்.
லாத்வியாவில் மருந்துக்கடை வைத்திருந்ததாகக் கேள்வி.
ஜெர்மனியில் நாலு வருஷம் அகதிக் கொட்டகை,
கப்பல்,
இங்கே மறுபடி வருஷக்கணக்கில் காத்திருப்பு.
போன நவம்பரில்தான் கை உயர்த்திப் பிரஜையானாள்.
காலையில் முதல் ஆளாக வந்தாள், தொப்பியும் கையுறையுமாக.
நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எழுதியது யாரென்று அதிகாரி அறியக்கூடாது.
யாருடைய ஒன்று என்று சொல்லாமல்
அதை ஒன்று என்று எப்படிச் சொல்வது?
தொண்டையைக் கனைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"இன்னொரு தரம் காட்டுங்க" என்றார் ஃபிட்ஸ்னர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
மூக்கு இடிக்கிற தூரத்தில் பிடித்தார்.
"எங்கப்பா மூட்டைமேல் இப்படித்தான் போடுவார்.
முதல் யுத்தத்தில் போலீஸ் வந்து
கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போனது.
சங்கேத எழுத்தாம்."
பிறகு, கொடுத்த கடனை வராக்கடன் என்று எழுதுகிறவர் குரலில்:
"ஒன்று. அந்தப் பக்கம் போடு."

அந்தப் பக்கம் ட்ரெவார்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

தபாலாபீஸ் டெலிபோனில் கத்தினேன்:
அறுபத்தொன்று. பத்தொன்பது. மூன்று.
செல்லாதவை இல்லை.
"ஒன்றுகூடவா?" என்றது மறுமுனை.
"ஒன்றுகூட."

ஆயிரத்துச் சொச்சத்தில் ஆளுங்கட்சி ஜெயித்தது.
அரசாங்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.
புதன்கிழமைப் பேப்பரில் எங்கள் ஊர்
பொடி எழுத்தில், அதுவும் பிழையாக.

ஆனால் அதற்கு முன்னால் திங்கட்கிழமை வந்தது.
இமாண்ட்ஸின் நோட்டு.
பதினான்கும் ஏழும் கூட்டி இருபத்தொன்று.
ஒன்றுக்குக் கூரை.
ஏழுக்கோ, வயிற்றின் குறுக்கே ஒரு சின்னக் கோடு,
இரண்டும் ஒன்றல்ல என்று காட்ட.
முதல் நாளிலிருந்தே போட்டு வந்திருக்கிறான்.
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
என் சிவப்பு மைக்கு அடியில்
எல்லா ஏழிலும் அது இருந்தது.