பிடித்தது

ஜபீர் நானாவின் பழைய பேப்பர்க் கடையில்
கிலோ நூற்றிருபது ரூபாய்.
நாய் இருக்கும் தாளுக்கு மட்டும் எனக்குத் தனி விலை.
என் முகத்தைப் பார்த்தே போட்டுவிடுவார்.

பங்களாக்கள் ஹோட்டலாகும்போது
முதலில் வெளியேறுவது தாள்தான்.
எலி மூத்திரம் காய்ந்த பெட்டிகளில்
வெள்ளைக்காரர் காலத்து வாரப் பத்திரிகைகள்
லொறியேறி ஹட்டனுக்கு வரும்.
சவர்க்கார விளம்பரம், குதிரைப் பந்தயம்,
யாரோ ஒரு சீமாட்டியின் கலியாணம், எல்லாம் தாண்டி
பதினாலாம் பக்கத்தில் ஒரு நாய்.
வலது மூலையில் கையெழுத்து: ஈ. எல்.
ஆணா பெண்ணா தெரியாது.
ஐந்து வருடமாகத் தேடுகிறேன்,
முழுப்பேர் எங்கும் அச்சாகவில்லை.

ஆனால் ஈ. எல்.லுக்கு நாய் தெரியும்.
படுக்குமுன் மூன்று சுற்றுச் சுற்றும் நாய்,
இடி கேட்டுக் கட்டிலுக்கடியில்
வால் மட்டும் மிச்சமான நாய்,
அட்டை கடித்த காதை உதறும் நாய்
(உதறலை எப்படி வரைவது?
மூன்று கோடு. மூன்றே மூன்று).
ஒரு மரையும் இரண்டு கழுதையும் ஒரு மாடும்கூட உண்டு.
மாடு சுமார்தான்.

நூற்றிப் பதினொரு தாள் சேர்ந்துவிட்டது.
மலை ஈரம் தாளைத் தின்னும் என்று
பிஸ்கட் டின்னுக்குள் டஸ்ட் தேயிலையைத்
துணியில் கட்டி வைத்திருக்கிறேன்.
மாதம் ஒருமுறை மாற்றும்போது
பழையதை ஊற்றிக் குடித்தும் பார்த்தேன்.
கொஞ்சம் மை வாசம். நாய் வாசம் இல்லை.

என் வேலையும் நாய்தான்.
விசர்நாய்த் தடுப்பூசி.
ஐஸ் பெட்டியோடு லயம் லயமாக ஏறுவேன்.
ஊசி போடுவது ஒன்றுமில்லை,
பிடிப்பதுதான் வேலை.

போன ஐப்பசியில் கிடைத்த தாளில்
ஒரு ஸ்பானியல் குளித்துக்கொண்டிருந்தது.
கீழே அச்சில்: 'ரஸ்ட்டி, மூன்று வயது,
நுவரெலியாக் கண்காட்சியில் இரண்டு கோப்பை.'
இடது விளிம்பில் ஒரு கை.
மணிக்கட்டோடு முடிந்திருந்தது.
நெருக்கிக் கோடு போட்டுக் கறுப்பாக்கிய கை.
இரண்டு விரல் தாடைக்கடியில்,
பெருவிரல் காதுக்குப் பின்னால்,
மற்ற இரண்டும் சும்மா, கழுத்து மயிரில்.

அது நான் பிடிக்கும் பிடி.
யாரும் சொல்லித் தந்ததில்லை,
ஏழு கடி வாங்கியபின்
விரல்களே போய் உட்கார்ந்த இடம்.
கற்பனையில் இப்படிப் பிடிக்க வராது.
ஈ. எல். அந்தக் கையையும் பார்த்திருக்கிறார்.
பார்த்துவிட்டு, மணிக்கட்டோடு நிறுத்தியிருக்கிறார்.

அன்றிரவு டின்னைத் தரையில் கவிழ்த்தேன்.
தகரத்தில் மழை.
டெரியருக்குப் பின்னால் ஒரு முழங்கால்.
கயிற்றின் மறுமுனையில் கிழிந்த சட்டைக் கை.
ஒரு தாளில் நிழல் மட்டும், குந்தியிருக்கும் நிழல்.
பதினாறு இடம்.
சேர்த்து வைத்தாலும் ஒரு ஆள் தேறவில்லை.
ஒரே ஆளா, பதினாறு பேரா, அதுவும் தெரியாது.

கண்டியிலிருந்து விக்கிரமரத்ன ஐயா போன் எடுத்தார்.
ஸ்பானியலுக்கு முப்பதாயிரம்.
'அந்தக் கைதான் கொஞ்சம் உறுத்துது.
பிரேம் போடுறப்ப மறைச்சிடலாம், என்ன?'
எங்கள் கூரையில் நாலு தகரம் மாற்றலாம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று டிக்கோயாவுக்கு மேலே ஒரு டிவிசனில் முகாம்.
பதிவேட்டில் நாயின் பேர், நிறம்,
சொந்தக்காரர், கையொப்பம்.
நிரல்கள் அவ்வளவுதான்.
உறுமும் நாயொன்றை
மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள் ஒரு சிறுமி.
இரண்டு விரல் தாடைக்கடியில்.
'பேர் என்ன?'
'டைகர்.'
'உன் பேர்?'
நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

சிவப்புக் கோட்டுக்கு வெளியே,
இடமில்லாத இடத்தில், நெருக்கி எழுதினேன்:
பிடித்தது சதுர்ஷிகா, நாலாம் வகுப்பு.
டைகர் எட்டி அந்தப் பக்கத்தை நக்கியது.
பாதிப் பேர் கரைந்துபோனது.
மறுபடி எழுதினேன்.